வெள்ளைச் சிலுவை போட்ட பீப்பாய்

அத்தியாயம் ஒன்பது

"மோந்து பாருங்க மேடம்," என்றான் கிலெம், பீப்பாயின் துளையிலிருந்து மூக்கை எடுத்துக்கொண்டே. "என் மாமியார் வீட்டு நிலவறை. மாமியார் உள்ள இருக்கும்போது."

ஒதீல் கஸ்தேரா குனிந்து முகர்ந்தாள். ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க மறந்துபோனால் எழும் நாற்றம். உள்ளே இருந்த ஒயின் வெளியேறி வாரக்கணக்காகியும் மரம் அதை விடவில்லை.

பீப்பாயின் முகப்பில் சாக்பீஸால் போட்ட ஒரு வெள்ளைச் சிலுவை இருந்தது.

கொம்ப்ரூஸ் திராட்சைப் பண்ணையில் அந்தச் சிலுவைக்கு ஒரே அர்த்தம்தான். கலவை மேஸ்திரி லெயோன்ஸ் தர்த்தீக் முகர்ந்தார், சுவைத்தார், சரி என்றார். வருடா வருடம் பிப்ரவரியில் ஒரு நாள், நிலவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் தனியாக ஒவ்வொரு பீப்பாயாகப் பார்ப்பார். அன்றைக்கு முதலாளியம்மாகூட உள்ளே போவதில்லை. சிலுவை விழுந்த பீப்பாய்கள் மறுநாள் பெரிய தொட்டியில் ஒன்றாகக் கலக்கும். விழாதவை மலிவு ஒயினுக்குப் போகும்.

இந்த வருடம் தொட்டியே கெட்டுவிட்டது. தரகர் ஒரு வாய் எடுத்தார், துப்பினார், கோப்பையில் மிச்சமிருந்ததையும் தரையில் கவிழ்த்தார். நாலா திசையிலிருந்தும் ஆட்கள் ருசி பார்க்க வரப்போகும் ஏப்ரலுக்குச் சற்று முன்னால், ஒரு வருட உழைப்பு நாறிக் கிடந்தது. இந்த மாதிரி நாற்றத்துக்கு ஒரு பீப்பாய் போதும், தொட்டி முழுக்கப் பரவிவிடும்.

மேஸ்திரியின் மூக்கு தவறாது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் அவர் தேர்ந்தெடுத்த நல்ல பீப்பாயை யாரோ அன்று இரவு அகற்றிவிட்டு, இந்த நாற்றப் பீப்பாயை அங்கே வைத்து, பொய்ச் சிலுவை போட்டிருக்க வேண்டும். அன்று இரவு நிலவறைச் சாவி ஜுவாக்கிமிடம் இருந்தது. போர்ச்சுகலிலிருந்து வந்து, இங்கேயே பீப்பாய் உருட்டி நரைத்தவன். ஒழுகும் கூரையை மாற்றித் தரச் சொல்லி முந்தின வாரம்தான் முதலாளியம்மா மதாம் லபோர்த்தோடு ஊர் கேட்கச் சண்டை போட்டிருந்தான்.

அவனை அழைத்துப் போக இன்று போலீஸ் வருகிறது. மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வருவார்கள். இந்தப் பக்கத்தில் யாரையும் பசியோடு கைது செய்வதில்லை.

லிபூர்ன் நகரத்திலிருந்து துப்பறிவாளர் ஒதீலையும் அவள் உதவியாள் கிலெமையும் வரவழைத்தது லெயோன்ஸ்தான். "ஜுவாக்கிம் பண்ணியிருக்க மாட்டான். யாருன்னு கண்டுபிடிங்க," என்றதோடு போனை வைத்துவிட்டார்.

"விளக்கை இந்தப் பக்கம் காட்டு," என்றாள் ஒதீல்.

கிலெம் காட்டினான். சிலுவைப் பீப்பாயின் விளிம்பிலிருந்து பக்கத்துப் பீப்பாயின் விளிம்பு வரை ஒரு சிலந்தி வலை, தூசியேறிச் சாம்பல் நிறத்தில் தொங்கியது.

"இதைத்தான் பாக்கறீங்களா? கார்க்கை அரிக்கிற அந்துப்பூச்சியைத் தின்னுதுன்னு சொல்லி இங்க யாரும் சிலந்தியைக் கலைக்க மாட்டாங்க. பண்ணையில லீவு கேக்காத ஒரே ஆளு அதுதான்."

"பீப்பாயை மாத்தியிருந்தா வலை அறுந்திருக்கும்."

"மறுபடி கட்டியிருக்கும். அதுக்கு வேற என்ன வேலை?"

"கட்டலாம். இவ்வளவு தூசியை ஒரே மாசத்துல எங்கேருந்து வாங்கும்? காஞ்சுபோன இறக்கை எத்தனை ஒட்டியிருக்கு பாரு. இது போன கோடையில கட்டினது."

கிலெம் வலையை நெருங்கிப் பார்த்தான். அவன் குரலில் இருந்த விளையாட்டு கொஞ்சம் குறைந்தது.

"அப்ப பீப்பாய் நகரவே இல்ல. ராத்திரி வந்து உள்ள எதையாவது ஊத்தியிருந்தா?"

"ஊத்தின நாத்தம் இப்படி இருக்காது. இது மரத்துக்குள்ளேயே ஊறினது. மேஸ்திரி துளையைத் திறந்தப்பவே இப்படித்தான் நாறியிருக்கணும்."

"நாறினதுக்கா சிலுவை போட்டாரு?"

"அதான் கேள்வி."

"பதில் சுலபம் மேடம். யாரோ அவரை வாங்கிட்டாங்க. பக்கத்துப் பண்ணைக்காரன் ரொம்ப நாளா இந்த மேட்டு நிலத்து மேல கண்ணா இருக்கான்." கிலெம் விளக்கை அணைத்தான். "நம்மளக் கூப்பிட்ட ஆளே குத்தவாளின்னா பில்லை எந்த விலாசத்துக்கு அனுப்பறது? ஜெயிலுக்கா?"

"வா, சாப்பிடலாம். அவர் முகத்தைப் பாக்கணும்."

சமையலறையிலேயே மேசை போட்டிருந்தது. முட்டைக்கோஸும் வெள்ளை பீன்ஸும் வாத்துக்கறியும் போட்ட சூப், ஆளுக்கொரு ஆழமான கிண்ணம். மதாம் லபோர்த் எழுபதை நெருங்குகிறவள். முதுகு வளையாமல் உட்கார்ந்து பரிமாறினாள். அடுப்புக்குள் கேக் வெந்துகொண்டிருந்தது. ஒயினைத் தெளிய வைக்க முட்டையின் வெள்ளைக்கரு போய்விடும், மஞ்சள் கரு எல்லாம் கேக்குக்கு.

"காபி நேரத்துக்குள்ள வெந்துடும்," என்றாள். "போலீஸ்காரங்களுக்கும் சேத்துத்தான் வெச்சிருக்கேன்."

"விருந்தாளியை நல்லாத்தான் கவனிக்கறீங்க," என்றான் கிலெம். "ஜுவாக்கிமுக்கும் ஒரு துண்டு உண்டா?"

மதாம் பண்ணையின் பழைய பாட்டில் ஒன்றைத் திறந்து, வழக்கப்படி முதலில் லெயோன்ஸின் கோப்பையில் கொஞ்சம் ஊற்றினாள். அந்த வீட்டில் அவர் தலையசைக்காமல் யாரும் கோப்பையைத் தொடுவதில்லை.

லெயோன்ஸ் அகலமான மனிதர், பேச்சு குறைவு. கோப்பையைச் சாய்த்து, மேசை விரிப்பின் வெள்ளைக்கு எதிரே நிறம் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டினார்.

"நல்லா இருக்கு," என்றார்.

"மேஸ்திரி, நான் தெரியாமத்தான் கேக்கறேன்," என்றான் கிலெம். "அந்த 'நல்லா இருக்கு'க்குள்ள என்னல்லாம் இருக்கு?"

லெயோன்ஸ் கோப்பையைப் பார்த்தபடியே பேசினார். "முன்னாடி நிக்கறது மேட்டு நிலத்து கபெர்னே ஃப்ரான் திராட்சை. சுண்ணாம்புக் கல்லுல வேர் விட்டது. வயலட் பூ வாசனை அதோடதுதான். பின்னாடி மெதுவா வர்றது கீழ்வயல் மெர்லோ, களிமண்ணு, அது உடம்பு குடுக்கும். மெர்லோ மட்டும் இருந்தா தூங்கிடும், ஃப்ரான் மட்டும் இருந்தா சண்டை போடும். ரெண்டும் சேந்து ரொம்ப நாள் நிக்கணும்னு ஒரு கை கபெர்னே சொவிஞ்ஞோன். அவ்வளவுதான்."

"எங்க கல்யாணத்துல அந்த மூணாவது ஆள் இல்ல," என்றான் கிலெம்.

சூப் தீரப் போனது. கிண்ணத்தின் அடியில் மிஞ்சிய சூடான சாற்றில் ஒயினைத் தாராளமாக ஊற்றி, கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி வாயில் வைத்துக் குடிப்பதுதான் இந்த ஊர்ச் சாப்பாட்டின் முடிவு. பாட்டில் கைமாறியது. நான்கு கிண்ணங்களிலும் சிவப்பு விழுந்தது.

ஒதீல் கிண்ணத்தைத் தூக்கினாள். பாதியில் கை நின்றது.

சூட்டில் ஆவியோடு சேர்ந்து ஏறியது அந்த வாடை. ஈரச் சாக்கு. காலையில் பீப்பாயில் முகர்ந்த அதே குடும்பம். பாட்டிலின் கார்க் கெட்டிருந்தது. ஆறிய கோப்பையில் பதுங்கியிருந்தது சூடு பட்டதும் எழுந்து நின்றுவிட்டது.

"மேடம், இது—" என்று தொடங்கினான் கிலெம். மேசைக்கு அடியில் அவன் முழங்காலில் ஓர் உதை விழுந்தது. "இது எனக்கு வேண்டாம். நான் கார் ஓட்டணும்."

மதாம் லபோர்த் கிண்ணத்தைத் தூக்கி, முகத்தில் ஒரு தசைகூட அசையாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டாள்.

லெயோன்ஸும் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "அருமை," என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நிலவறை வாசலில் அவரை நிறுத்தினாள் ஒதீல். கிலெம் இரண்டடி தள்ளி நின்றான்.

"இப்ப குடிச்ச பாட்டில் கார்க் நாத்தம் அடிச்சுது, மேஸ்திரி."

லெயோன்ஸ் கையிலிருந்த தொப்பியை ஒரு சுற்று சுற்றினார்.

"எத்தனை நாளா வாசனை தெரியல?"

"மூணு வருஷம் முன்னாடி அந்தக் காய்ச்சல் ஊரெல்லாம் வந்துச்சே, அப்பலேர்ந்து. எல்லாருக்கும் திரும்பி வந்துச்சு. எனக்கு வரல." அவர் குரல் தணிந்திருந்தது. "தெனம் காலையில காபி டப்பாவைத் திறந்து மோந்து பாப்பேன். அப்புறம் என் பெண்டாட்டி கழுத்து. அவ நான் ஆசையா இருக்கேன்னு நினைச்சுக்கறா."

"மூணு வருஷம் எப்படிக் கலந்தீங்க?"

"நாக்கு இருக்கு. புளிப்பு, துவர்ப்பு, கனம் எல்லாம் நாக்குல தெரியும். மிச்சத்துக்கு ஞாபகம். எந்தப் பீப்பாய் எந்த வரிசைக் கொடியோடது, அந்த வருஷம் மழை எப்ப பெஞ்சுதுன்னு தெரியும். பெத்த பிள்ளைங்க முகம் மாதிரி, இருட்டுலயும் தெரியுமே. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னா மட்டும் இருட்டுல தெரியாது." அவர் உள்ளே பீப்பாய் வரிசையைப் பார்த்தார். "இந்த வருஷம் ஒண்ணுக்கு உடம்பு சரியில்ல."

கிலெம் மெல்ல வாயைத் திறந்தான். "அந்த மூணு வருஷ ஒயினைப் பத்தித்தானே பத்திரிகையில அப்படிப் புகழ்ந்து எழுதினாங்க? வயலட் பூ மணம் இதுக்கு முன்னாடி இவ்வளவு இருந்ததில்லன்னு?"

"நான் வயலட்னு சொன்னேன். அவங்க மோந்தாங்க, இருந்துச்சு."

கிலெமுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை.

"குத்தவாளி நீங்களே. அப்புறம் எங்களை ஏன் கூப்பிட்டீங்க?" என்று கேட்டாள் ஒதீல்.

"எனக்குச் சொல்ல வாய் வரல, மதாம். நாலு தடவை முதலாளியம்மா ரூம் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன். நீங்க கண்டுபிடிச்சுட்டா நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன்."

ஒதீல் கிலெமைப் பார்த்தாள். "அந்தப் பாட்டில்தான் சாட்சி. ஓடு."

அவன் ஓடினான். அவள் பின்னாலேயே போனாள். சமையலறைக் கதவருகே கிலெம் நின்றுகொண்டிருந்தான்.

மதாம் லபோர்த் ஜன்னலோரத்தில் இருந்த பெரிய மண் ஜாடியின் மூடியைத் திறந்து வைத்திருந்தாள். வீட்டு வினிகர் ஜாடி. குடித்து மிஞ்சிய ஒயினை எந்த வீட்டிலும் கொட்டுவதில்லை, அதில்தான் ஊற்றுவார்கள். பாட்டிலின் கடைசி ஒயின் ஜாடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கிண்ணங்கள் நான்கும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

"இந்த வேகத்துல என் பெண்டாட்டி ஒரு நாள்கூடப் பாத்திரம் கழுவினதில்ல," என்றான் கிலெம். "நானும்தான்."

"உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஒதீல்.

"போன வருஷமே தெரியும்." மதாம் ஜாடியை மூடினாள். "மாடிப்படிக்கு அடியில எலி செத்துக் கிடந்துச்சு. அந்த ஆளு அது பக்கத்துல உக்காந்து நிதானமா ரொட்டி தின்னாரு. எனக்கு அன்னைக்கே புரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஜுவாக்கிமைப் பிடிச்சுக் குடுக்கறீங்க."

"உக்காந்து யோசிச்சுப் பாருங்க. எவனோ கெடுத்துட்டான்னா இந்த ஒரு வருஷம் போகும். ஜனங்க பாவம்னு சொல்வாங்க. மேஸ்திரிக்கு மூக்கே இல்லன்னு தெரிஞ்சா, ஏற்கெனவே வித்த மூணு வருஷமும் போகும். புகழ்ந்து எழுதினவன் ஒருத்தனும் எங்களை மன்னிக்க மாட்டான். பண்ணை கைமாறும். வேலை செய்யறவங்க எல்லாரும் வீட்டைக் காலி பண்ணணும். ஜுவாக்கிம் குடும்பம் உட்பட."

"அவன் ஜெயிலுக்குப் போவான்."

"நல்ல வக்கீலா வெச்சுத் தர்றேன்." ஒரு கணம் அவள் குரல் தடுமாறியது. "கூரையையும் மாத்திடறேன். இந்த வாரமே."

முற்றத்தில் வண்டிச் சத்தம் கேட்டது.

போலீஸ் அதிகாரி மெனார் இந்த வட்டாரத்துக்காரர். பல் குத்திக்கொண்டே இறங்கினார். ஜுவாக்கிம் பண்ணை வாயிற்கதவுக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து தானாகவே நடந்து வந்தான். சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தான். கையில் ஒரு சின்னப் பை. அவன் மனைவி வாசலைத் தாண்டி வரவில்லை.

மெனார் விலங்கை எடுத்தபோது லெயோன்ஸ் இருவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"அவனை விடுங்க. அந்தப் பீப்பாய்க்குச் சிலுவை போட்டது நான்தான். எனக்கு வாசனையே தெரியாது. மூணு வருஷமா."

மெனார் பல்குச்சியை எடுத்தார். "நல்ல மனசு உங்களுக்கு, மேஸ்திரி."

"மனசைச் சொல்லல. மூக்கைச் சொல்றேன்."

"சார், அவர் சொல்றதை எழுதிக்காதீங்க," என்றான் ஜுவாக்கிம் பதற்றமாக. "என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றாரு. மேஸ்திரி, வேண்டாம். நான் தப்பு பண்ணல, கோர்ட்டுல சொல்லிக்கறேன். அதுக்காக உங்க பேரை நீங்களே கெடுத்துக்காதீங்க. இந்த ஆளு மூக்கை எனக்குத் தெரியாதா? கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வரிசைக் கொடின்னு சொல்வாரு."

"டேய், முட்டாள்," என்றார் லெயோன்ஸ்.

ஒதீல் குறுக்கிட்டாள். வலையைச் சொன்னாள், பாட்டிலைச் சொன்னாள். மெனார் மரியாதையாகக் கேட்டார்.

"சிலந்தியை நான் கூண்டுல ஏத்த முடியாது, மேடம். பாட்டில் எங்க?"

"வினிகர் ஜாடியில."

"மதாம், நீங்களும்தானே குடிச்சீங்க? கெட்டிருந்துதா?"

"ஒரு சொட்டு மிச்சம் வைக்கல," என்றாள் மதாம் லபோர்த். அதில் பொய் இல்லை.

"எனக்கு நாறுச்சு," என்றான் கிலெம்.

"நீ குடிக்கவே இல்லையாமே."

"அப்ப ரெண்டு கோப்பை கொண்டு வாங்க," என்றாள் ஒதீல். "ஒண்ணுல நல்லது, ஒண்ணுல தொட்டி ஒயின். இங்கேயே பாத்துடலாம்."

மெனார் தலையை ஆட்டினார். "பாத்து? எனக்கு வித்தியாசம் தெரியலன்னு அவர் சொல்லுவாரு. நானும் சொல்லலாம். வாசனை தெரியும்னு ஒருத்தர் நிரூபிக்கலாம், தெரியாதுங்கறதை எப்படி நிரூபிக்கறது?"

"டாக்டர் இருக்காங்க."

"டாக்டரும் அவரைத்தான் கேப்பாரு, வாசனை வருதான்னு."

லெயோன்ஸ் சுற்றிலும் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று வருடமாக அவர் சொன்ன பொய்யை எல்லாரும் நம்பினார்கள். இன்றைக்கு முதல் முறையாக உண்மையைச் சொல்கிறார். அதைக் கேட்க ஆள் இல்லை.

விலங்கு பூட்டப்பட்டது. ஜுவாக்கிம் வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். மெனார் கதவில் கை வைத்தார்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் கிலெம் திரும்பினான். பிறகு ஒதீல். மதாம் லபோர்த் சட்டென்று சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினாள். மெனாரும் திரும்பினார். வண்டிக்குள்ளிருந்த ஜுவாக்கிமின் முகமும் அந்தப் பக்கமே திரும்பியது. புகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. சர்க்கரை தீயும் கசப்பு மட்டும் காற்றில் முற்றத்தைக் கடந்து வந்தது.

லெயோன்ஸ் மட்டும் வண்டி ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எல்லார் தலையும் ஒரே பக்கம் போயிருப்பதைக் கவனித்தார்.

"என்ன?" என்றார். "எல்லாரும் எங்க பாக்கறீங்க?"

மெனாரின் கண்கள் மெதுவாகத் திரும்பி வந்து லெயோன்ஸின் முகத்தில் நின்றன. கதவில் இருந்த கை அசையவில்லை.

"பாத்துட்டீங்க," என்றாள் ஒதீல்.

மெனார் பல்குச்சியைச் சட்டைப் பையில் செருகினார். "எங்கிட்ட இருக்கறது ஒரு உத்தரவு, மேடம். மூக்கைப் பத்தி அதுல எதுவும் இல்ல." மதாமைப் பார்க்காமலே சொன்னார். "கேக் கருகுது. போய்ப் பாருங்க."

கதவு சாத்தப்பட்டது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜுவாக்கிம் இப்போது சமையலறையைப் பார்க்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னமும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரும்பித் திரும்பித் தேடும் அந்த அகலமான முகத்தை. அவன் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. விலங்கிட்ட இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினான்.

வண்டி திராட்சை வரிசைகளுக்கு நடுவே இறங்கிப் போனது. தட்டும் சத்தம் கொஞ்ச தூரம் வரை கேட்டது.